கழகக் கதவில் ஹெஸ்டர் டட்டன்

எங்கள் தொலைநோக்கிக் கழகத்தின் 1933-ஆம் ஆண்டு மலரில் ஹெஸ்டர் டட்டனைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது: “உறுப்பினர் ஆல்டன் டட்டனின் மனைவி, கூட்டங்களுக்குக் காப்பியும் ஆப்பிள் பையும் தயாரித்து உதவுபவர்.” ஹெஸ்டரின் காப்பியை ஒருமுறை குடித்தவர்கள் மறுமுறை கேட்டதில்லை. அந்த ஆப்பிள் பைப் பலகாரத்தைச் சுட்டவன் ஆல்டன். மனைவி என்பது மட்டும் உண்மை.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் எங்கள் ஊர் இயந்திரப் பட்டறையில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை கிடைத்தாலே பெரிது என்றிருந்த காலம் அது. மீதி நாட்களில் ஆண்கள் கண்ணாடி தேய்த்தார்கள். ஒரு தடித்த கண்ணாடி வட்டைப் பீப்பாயின் தலையில் பொருத்தி, தேய்ப்புப் பொடியும் தண்ணீரும் இட்டு, இன்னொரு வட்டை அதன்மேல் தள்ளி இழுத்துக்கொண்டே பீப்பாயைச் சுற்றி நடக்க வேண்டும். வாரக்கணக்கில் நடந்தால் மேல் வட்டு குழியும். தொலைநோக்கிக்கு உயிர் அந்தக் குழிவுதான். தன் கையால் கண்ணாடி தேய்த்தவரே உறுப்பினர். கழகத்துக்கு இருந்தது இந்த ஒரே விதி. தேறியவரின் பெயரைக் குன்றின் மேலிருந்த கழக வீட்டுக் கதவில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டு எழுதுவோம். ஞானஸ்நானத்துக்கு வராதவர்கள்கூட அதற்கு வருவார்கள்.

ஆல்டன் தச்சன். மரம் அவன் சொன்னபடி கேட்கும், கண்ணாடி கேட்கவில்லை. சில நாளிலேயே அலுத்துப்போய்த் தொலைநோக்கிக்கான குழாயும் தாங்கியும் செய்யக் கிளம்பிவிட்டான். சமையலறையில் அநாதையாக நின்ற பீப்பாயை ஹெஸ்டர் சுற்றத் தொடங்கினாள். குளிர்காலம் முழுக்கச் சுற்றினாள். மெருகேற்றும் சிவப்புத் தூள் அவள் நகக்கண்ணில் ஏறி, அங்கிருந்து ரொட்டிக்கும் போனது.

வசந்தத்தில் கழகத் தலைவர் மெரில் ஸ்டோவெல் விளக்கும் சவர பிளேடுமாக உட்கார்ந்து அந்தக் கண்ணாடியைச் சோதித்தார். பிளேடின் விளிம்பு ஒளியை வெட்டும்போது, கண்ணாடியில் உள்ள குறையெல்லாம் நிழலாக மேடுபள்ளம் காட்டும். இது எதையும் காட்டவில்லை.

“ஆல்டன், இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்லப்பா!”

“நானுந்தான். தேய்ச்சது ஹெஸ்டர்.”

எல்லோரும் சிரித்தோம். ஆல்டனின் பெயர் கதவில் ஏறியது.

அடுத்த கூட்டத்துக்கு ஹெஸ்டர் காப்பி இல்லாமல் வந்தாள். அதுவரை எல்லோருக்கும் மகிழ்ச்சிதான்.

“அது நான் தேய்ச்ச கண்ணாடி. கதவுல பேரை மாத்துங்க” என்றாள்.

மெரிலுக்குத் தர்மசங்கடம். அவள்தான் தேய்த்தாள் என்று ஒப்புக்கொண்டால் விதிப்படி ஆல்டனை நீக்க வேண்டும். கழக வீட்டுக் கூரையோ ஆல்டன் கையில் பாதியில் நின்றது. ஆகவே கண்ணாடியை யார் தேய்த்தது என்பதை வாக்கெடுப்புக்கு விட்டார். ஆல்டன் தனக்கு எதிராகக் கை தூக்கித் தோற்றான். நிலவின் தூரத்தை நாங்கள் வாக்கெடுத்து முடிவு செய்ததில்லை என்பது ஓர் ஆறுதல்.

“சரி, கண்ணு முன்னால தேய்ச்சா நம்பித்தானே ஆகணும்?” என்று சொல்லிவிட்டு ஹெஸ்டர் இறங்கிப் போனாள்.

மறுவாரம் பீப்பாய் அவள் வீட்டு முன்முற்றத்துக்கு வந்துவிட்டது. பட்டறைக்குப் போகிற எல்லோரும் அதைக் கடந்துதான் போக வேண்டும். இம்முறை வட்டு இன்னும் பெரியது.

“என்ன மிசஸ் டட்டன், வெண்ணெய் கடையறீங்களா?” என்று கடைசல்காரன் ஃப்ளாய்டு கேட்டான்.

“ஆமா ஃப்ளாய்டு. ஒங் கண்ணாடியில இருக்கற பள்ளத்த ரொப்ப வேண்டாமா?”

ஃப்ளாய்டின் கண்ணாடி சோதனையில் திரும்பத் திரும்பத் தவறியது ஊருக்கே தெரியும். மறுநாளிலிருந்து அவன் பாலம் வழியாக ஊரையே சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனான்.

வெட்டவெளியில் மெருகேற்றினால் தூசு விழுந்து கீறிவிடும் என்று நாங்கள் பொறுமையாகக் காத்திருந்தோம். அவள் சுற்றிலும் ஈரத்துணியைத் திரையாகக் கட்டினாள், தன் தலை மட்டும் வெளியே தெரிகிற உயரத்துக்கு. மழைக்கு ஆல்டன் மேலே ஒரு கொட்டகை போட்டுக்கொடுத்தான். கழகக் கூரைக்கென்று தன் செலவில் வாங்கிவைத்திருந்த பலகைகள் அவை. அந்த இலையுதிர்காலத்தில் நாங்கள் ஒழுகும் இடங்களில் வாளிகளை வைத்துவிட்டுக் கூட்டம் நடத்தினோம்.

கடைசியில் மெரிலே விளக்கும் பிளேடுமாக அவள் வீட்டு நிலவறைக்கு வந்தார். நெடுநேரம் பார்த்தார்.

“விளிம்பு...” என்று இழுத்தார்.

“விளிம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. அதான் சிக்கல்.” பிளேடை மடித்த தாளில் வைத்தார். “துணை உறுப்பினர்னு புதுசா ஒண்ணு கொண்டுவரலாம்னு பாக்கறேன்.”

“எனக்குப் புதுசா எதுவும் வேண்டாம். கதவுல பேரு வேணும்.”

“கதவுல எடமே இல்லையே மிசஸ் டட்டன்.”

“ஒரு எடத்துல தப்பான பேரு இருக்கே.”

ஞாயிற்றுக்கிழமை நண்பகல், ஆண்டுக்கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது ஹெஸ்டர் குன்றேறி வந்தாள். கையில் இரும்புக் கம்பி. பின்னால் ஆல்டன், தணல் வாளியோடு. யாரும் தடுக்கவில்லை. நாங்கள் நாகரிகமானவர்கள் என்பது ஒரு காரணம். கம்பி சிவந்திருந்தது இன்னொன்று. அவள் ஆல்டனின் பெயர்மேல் ஒரு கோடு இழுத்து, அதற்கு மேலே தன் பெயரை எழுதினாள். பைன் பலகை புகைந்தது.

“கடைசி எழுத்து கொஞ்சம் கோணல்” என்றான் ஆல்டன்.

“கண்ணாடி கோணல் இல்ல.”

விதிப்படி ஆல்டனை நீக்கினோம். கூரை அடுத்த வசந்தம்வரை ஒழுகியது. அடுத்த ஆண்டு மலரில் ஹெஸ்டரைப் பற்றி, “உறுப்பினர் ஆல்டன் டட்டனின் மனைவி” என்று தொடங்கும் அதே வரி அச்சானது. ஆல்டன் அப்போது உறுப்பினரே இல்லை.

ஹெஸ்டர் டட்டன் இரண்டு கண்ணாடிகள் தேய்த்தாள். கதவில் தன் பெயரைத் தானே சுட்டு எழுதினாள்.