மாம்பழம் என்றொரு பாஸ்வேர்ட்

கும்பகோணத்துக் கலியமூர்த்தி எதை விட்டுக்கொடுத்தாலும் ழகரத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். டில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருபது வருஷம் இருந்து அச்சாவும் பையாவும் வாயில் ஏறிவிட்டன. பழத்தைப் 'பளம்' என்பது மட்டும் ஏறவில்லை.

2002இல் அவர் ஆபீசில் பன்னிரண்டு செக்‌ஷன். ஒவ்வொன்றும் தன் காலியிடப் பட்டியலை எக்செல்லில் போட்டுப் பூட்டி வைத்திருந்தது. எல்லாம் சேர்ந்த மொத்தப் பட்டியல் கலியமூர்த்தியிடம். அதைத் திறந்தால் போதும், லிங்க் கொடுத்த பன்னிரண்டு ஃபைலும் வரிசையாகப் பாஸ்வேர்ட் கேட்கும். கல்யாண வாசலில் பன்னிரண்டு பேர் நின்று நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால், மனுஷன் பதில் சொல்வானா, பந்திக்குப் போவானா?

புத்தகத்தைப் பார்த்துத் தானே ஒரு மேக்ரோ எழுதினார். பட்டனைத் தட்டினால் அதுவே ஒவ்வொரு ஃபைலுக்கும் பாஸ்வேர்ட் போட்டுத் திறந்து, புது எண்களை எடுத்துக்கொண்டு மூடிவிடும். புதன்கிழமை பெரிய அதிகாரி சோப்ரா நேரில் பார்க்க வருகிறார். ஓடினால் கம்ப்யூட்டர் சீட் கலியமூர்த்திக்கு. ஓடாவிட்டால் வேலை வெளியாளுக்குப் போகும், இவர் பழையபடி தபாலுக்கு முத்திரை குத்தப் போகவேண்டும்.

செவ்வாய் ஒத்திகையில் ஏழாவது ஃபைலில் மேக்ரோ நின்றுவிட்டது. அது மதுரை மீனாக்ஷியின் ஃபைல். பாஸ்வேர்ட் மாம்பழம் என்று அந்தம்மா வாயால் சொன்னதை இவர் இங்கிலீஷில் ழவுக்கு இசட்-எச் போட்டு எழுதியிருந்தார். அந்தம்மாவோ 'மாம்பளம்' என்று பேசுகிற மாதிரியே எல் போட்டிருந்தது. திருத்தினார், ஓடியது. அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பழத்தை மாம்பலம் ஸ்டேஷன் ஆக்கிட்டீங்களே என்று செக்‌ஷனே கேட்கக் கிண்டலடித்தார். மீனாக்ஷி சிரிக்கவில்லை.

புதன்கிழமை சோப்ரா பின்னால் நிற்க, பட்டனைத் தட்டினார். ஆறு ஃபைல் மளமளவென்று திறந்து மூடின. ஏழாவதில் பாஸ்வேர்ட் தப்பு என்று வந்தது. மீனாக்ஷியோ லீவு, ஜனக்புரியில் மகள் ஸ்கூல் விழாவுக்குப் போயிருந்தது. என்ன ஆச்சு என்று சோப்ரா ஹிந்தியில் கேட்டார். அப்போதுதான் நேற்றைய அந்தச் சிரிக்காத முகம் ஞாபகம் வந்தது. மேக்ரோவில் எல் எழுத்தை அழித்துவிட்டு, மறுபடி இசட்-எச் போட்டார். பன்னிரண்டும் ஓடி முடிந்தன. சீட் உனக்குத்தான் என்று சோப்ரா முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் மீனாக்ஷி, "நீங்க சொன்னீங்களேன்னு மாத்திட்டேன் சார்" என்றது, முகத்தைப் பார்க்காமலே.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். கலியமூர்த்திக்கு வெட்கமாக இருந்தது.

"பழையபடியே மாத்திடுங்க மேடம்" என்றார். "உங்க பளம், உங்க இஷ்டம்."

மீனாக்ஷி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது.