பெஞ்சு பெஞ்சாகக் கேட்பவர்

நான்காவது பெஞ்சின் ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு, உதட்டைப் பிதுக்கி, கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று ஆராய்ந்தபடி உட்கார்ந்திருக்கிறார் பாஸ்டரம்மா. அது ஓய்வுபெற்ற இன்ஜினியரின் இடம். பிரசங்க நேரத்தில் அவர் அப்படித்தான் உட்காருவார். பீடத்தின் மேல் ஒரு கைப்பேசி, பாஸ்டரம்மாவின் குரலில் பிரசங்கம் செய்துகொண்டிருக்கிறது. ஆலயத்தில் வேறு ஈ காக்கை கிடையாது.

சனிக்கிழமை மதியம்தோறும் நடக்கும் கூத்து இது. மறுநாள் பேசப்போவதைப் பதிவுசெய்து ஓடவிட்டு, ஒவ்வொருவர் இடத்திலும் அவரவராகவே உட்கார்ந்து கேட்பார். கல்லூரிப் பெண்களின் கடைசி பெஞ்சில் கொட்டாவி வரும். தன் பிரசங்கத்துக்குத் தானே மனதாரக் கொட்டாவி விடும் பிரசங்கியாரை உலகம் அதிகம் கண்டதில்லை. கொட்டாவி வந்த பகுதி ஞாயிற்றுக்கிழமை இருக்காது.

“யோனா யாரு? ஆண்டவர் போட்ட டிரான்ஸ்ஃபர் ஆர்டர் கைக்கு வந்ததும் எதிர்த்திசையில கப்பல் ஏறின ஆபீஸர்! நோவா பேழை செஞ்சாரு, சரி. உள்ள அத்தனை மிருகத்துக்கும் சாணி அள்ளினது யாரு? அதைச் சொல்லுங்க, முன் பெஞ்சு அம்மாமார் நிமிர்ந்து உட்காருவாங்க.” இது அவருடைய வேதாந்தம். நிமிர்ந்து உட்கார்ந்த அம்மாமார் வீட்டுக்குப் போய்க் கேட்ட கேள்விகளால், பாஸ்டரம்மாவை மாற்றவேண்டும் என்று நினைக்கும் கணவன்மாரும் உண்டு.

அந்தச் சபையில் பாஸ்டரம்மா என்றால் அதுவரை பாஸ்டரின் மனைவி. இவரோ பாஸ்டரே. அப்படியானால் இவர் வீட்டுக்காரரை என்னவென்று அழைப்பது? கமிட்டி கூடி யோசித்தும் விடை கிடைக்காமல், அவருக்குப் ‘பாஸ்டரய்யா’ என்ற பட்டம் தானாக ஒட்டிக்கொண்டது. அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். இப்போது பிரேம் பார்க்க வருகிறவர்கள் பாதி நேரம் பாவத்தையும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இந்தச் சனிக்கிழமை விஷயம் கொஞ்சம் விவகாரமானது. பாடகர் குழுவின் நல்ல குரல் ஒரு நர்சுடையது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு வந்து, வழுக்கி விழுந்ததாகச் சொன்னவர், பிறகு ஒருநாள், தான் விழவில்லை, கணவர்தான் விழவைத்தார் என்று சொல்லி, அந்த வீட்டைவிட்டே வெளியேறிவிட்டார். சபைச் செயலாளர் சமாதானப் பிரியர். சண்டை என்றால் இரு தரப்பையும் ஒரே காரில் ஏற்றி அனுப்பினால் தீர்ந்தது என்பது அவர் கட்சி.

“சொத்தை அழிச்சிட்டுத் திரும்பி வந்த மகனை அப்பா ஏத்துக்கிட்டாரே, அந்தக் கெட்ட குமாரன் கதையை எடுத்து, மன்னிப்பைப் பத்தி மனசு உருகுற மாதிரி ஒண்ணு பேசுங்கம்மா. புருஷனும் வருவாரு, அந்தப் பொண்ணும் வரும். கையோட சேர்த்து அனுப்பிடலாம்.”

பாஸ்டரம்மாவும் உருகி உருகித் தயாரித்துவிட்டார். இந்த முறை மட்டும் முன்கூட்டியே கேட்க ஆலயத்துக்கு வந்திருந்த செயலாளர், கைக்குட்டையைப் பிழியும் நிலையில் இருந்தார். பாஸ்டரம்மா ஒவ்வொரு இடமாக நகர்ந்து, மூன்றாவது பெஞ்சின் ஜன்னலோரத்துக்கு வந்தார். நர்சின் கணவர் உட்காரும் இடம். அவரைப்போலவே காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார். கேட்கக் கேட்க முகம் கறுத்தது.

“என்னம்மா, நல்லா இல்லையா?”

“ரொம்ப நல்லா இருக்கு அண்ணே. சாய்வு நாற்காலி மாதிரி இருக்கு. இங்க உட்கார்ந்து கேட்டா நான் ஒண்ணுமே செய்ய வேண்டாம். எல்லாத்தையும் அவளே செய்யணும்.”

பிறகு பாடகர் வரிசையில் நர்சின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஒரு வாக்கியம்கூட முழுதாகக் கேட்க முடியவில்லை. எழுந்து வந்து கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டினார்.

“அழிச்சிட்டேன்.”

“ஐயோ! எனக்குக் கண்ணீரே வந்துச்சேம்மா!”

“உங்களுக்கு வந்துச்சு. கை உடைஞ்சது உங்களுக்கு இல்லையே அண்ணே.”

“கமிட்டியில நான் என்னத்தைச் சொல்ல?”

“பாஸ்டரம்மாவுக்குப் பைத்தியம்னு சொல்லுங்க. பாதிப் பேர் ஏற்கெனவே சொல்றதுதானே.”

ஞாயிற்றுக்கிழமையும் அதே கெட்ட குமாரன்தான். “அப்பா ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சாரு, வாஸ்தவம். ஆனா பையன் திரும்பி வர்ற வழியிலதான் ஓடினாரு. பன்னி மேய்க்கிற இடத்துக்குப் பெட்டி படுக்கையோட குடிபோகல! எழுந்து வந்தது மகன். ‘தப்புப் பண்ணிட்டேன்’னு வாயைத் திறந்து சொன்னதும் மகன்.” இன்ஜினியர் கூரையை மறந்து, கட்டிய கைகளை அவிழ்த்தார். ஜன்னலோரத்துக்காரர் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். நர்சு பாட்டுப் புத்தகத்தை மாவுக்கட்டின் மேல் வைத்தபடி, அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கல். நர்சு அவசரமாக விடைபெற்று, முற்றத்தைக் கடந்து பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். கணவர் வரிசையில் முண்டியடித்து வந்தார்.

“கதையெல்லாம் நல்லா இருந்துச்சும்மா. அவ போறா பாருங்க, நான் கூட்டிட்டுப் போயிடறேன்.” கையை நீட்டினார், கண் மட்டும் சாலையில் இருந்தது.

“இருங்க தம்பி, உங்களுக்காக ஒரு ஜெபம் பண்ணிடுவோம்.” நீட்டிய கையைப் பாஸ்டரம்மா தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்ற வரிசை முழுவதும் தலை குனிந்தது. வேறு வழியில்லாமல் அவரும் கண்ணை மூடினார். ஜெபம் அவருடைய ஆத்துமாவில் தொடங்கி, நோயாளிகள், பிரயாணிகள், ஆளுகை செய்கிறவர்கள், கடலில் இருக்கும் கப்பல்கள் என்று விரிந்தது. எல்லோர் கண்ணும் மூடியிருந்தது, ஜெபித்தவர் கண்ணைத் தவிர. பஸ் வந்தது, நின்றது, நர்சை ஏற்றிக்கொண்டு திருப்பத்தில் மறைந்தது. “ஆமென்” என்றார் பாஸ்டரம்மா. கையை மட்டும் இன்னும் விடவில்லை.