பேய்க்குக் கை கொடுத்தவள்

அந்தப் படத்தில் பேய் எங்கேயும் தெரியாது. கேமராதான் பேய். அதன் கண்ணால்தான் நாம் பார்க்கிறோம். எதிரே வருகிறவர்கள் எல்லாம் நம்மைப் பார்த்து அலறி ஓடுகிறார்கள். பேய்க்கு உருவம் என்று இருந்தவை இரண்டு கைகள் மட்டும். அவை எழுமலை ஒச்சாயியின் கைகள்.

1981ஆம் வருஷம். மதுரையில் எங்கள் தெருவில் இருந்த பசுபதி, வாத்தியார் வேலையை விட்டுவிட்டுப் படம் எடுக்கப் போனவர், எழுமலைக்குப் பக்கத்தில் பூட்டிக்கிடந்த ஒரு காரைவீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார். கதை சின்னது. செத்துப்போன தாய் ஒருத்தி மகளைப் பார்க்க வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். கைகளுக்கென்று அழைத்து வந்த நடிகை, பாடையில் படுக்கிற காட்சி உண்டு என்று தெரிந்ததும் பஸ் ஏறிப் போய்விட்டாள். அன்றைக்குத் தண்ணீர் சுமந்து வந்த ஒச்சாயியின் கைகள் பசுபதியின் கண்ணில் பட்டன. பருத்தி எடுத்துக் காய்த்துப்போன விரல்கள். வலது முன்கையில் பச்சை குத்திய தேள். இடது சுண்டுவிரலுக்கு நுனி இல்லை. கதிர் அறுக்கையில் போனது.

ஒச்சாயிக்கு நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. ஒரே மகள் முத்துத்தாய். அவளை ஒச்சாயியின் அண்ணன் மொக்கையனின் மகனுக்குத்தான் கட்டுவது என்று பிறந்த அன்றே பேசி வைத்திருந்தார்கள். மில் வேலைக்குப் போன முத்துத்தாய், திருப்பரங்குன்றத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த அழகுமலையைக் கட்டிக்கொண்டுவிட்டாள். அண்ணன் ஊரைக் கூட்டிக் கத்தினார். அவமானம் தாங்காமல் ஒச்சாயி காவல்தெய்வம் கருப்பு கோயில் முன்னால் சூடம் ஏற்றி, அதை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தாள். தான் சாகிறவரைக்கும் மகள் முகத்தில் முழிப்பதில்லை. மகளும் தன் வாசலை மிதிக்கக் கூடாது.

கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் சூடம் அணைத்த சத்தியத்தை மீறினால் அது பெற்ற பிள்ளையைத்தான் பிடிக்கும் என்பார்கள். அந்தப் பயத்தில் அவள் திருப்பரங்குன்றம் பக்கமே போகவில்லை.

பாடைக் காட்சிக்கு இவளும் மறுத்துவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கதையைக் கேட்டுவிட்டு, செத்த பிறகு போய் மகளைப் பார்த்துவிடலாமா என்று மட்டும் கேட்டாளாம். பார்க்கலாம் என்றார் பசுபதி. படுத்துவிட்டாள். வாய்க்கரிசி போட்டார்கள், கால் பெருவிரல்களையும் கைக் கட்டைவிரல்களையும் கட்டினார்கள். படம் பிடித்து முடிந்ததும் திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். உயிரோடு பாடை ஏறினவள் தனக்குத் தங்கச்சியே இல்லை, செத்தவள்தான் என்று மொக்கையன் ஊர் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்.

தலைவாருகிற காட்சியில் வேறு தொல்லை. மகளாக நடிக்கும் பெண் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருப்பாள். பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து கூந்தலைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒச்சாயி கேமராவுக்குக் கீழே குந்தியிருந்து கையை நீட்டினாள். கூந்தலைத் தொட்டதும் கைகள் இழுக்க மறந்துவிட்டன. சிக்கெடுத்தன. ஒரு பேனைப் பிடித்து நகத்தில் வைத்து நசுக்கின. கிண்ணத்து எண்ணெயைத் தேய்த்துப் பின்னிவிட்டு, மிஞ்சிய எண்ணெயை அந்தப் பெண்ணின் முழங்கையில் தடவிவிட்டன.

"பயமுறுத்தணும்மா" என்றார் பசுபதி.

"பெத்த பிள்ளைய என்னத்துக்குய்யா பயமுறுத்துறது?"

அந்தத் துண்டை அவர் வெட்டவில்லை. அந்தப் படத்தின் பிரதி இன்று எங்கும் இல்லை. ஞாபகத்தை நம்பித்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த முழங்கையை நான் தப்பாகச் சொல்லவில்லை.

மறு வருஷம் மாசியில் படம் வந்தது. பேய்ப்படம் என்று நம்பிப் போன கூட்டம் ஏமாந்து விசிலடித்தது. முத்துத்தாய்க்கு அப்போது ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக முடியாத ஏக்கத்தில் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. எழுமலையில் எடுத்த படமாம், ஊர்த் தெருவையாவது பார்க்கட்டும் என்று அழகுமலை அவளைப் பகல் காட்சிக்குக் கூட்டிப்போனான். பாடையில் அந்தத் தேளைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். படம்தான் இது, படம்தான் என்று அழகுமலை காதில் சொல்லிக்கொண்டே இருந்தான். முழங்கையில் எண்ணெய் தடவுகிற காட்சி வந்தபோது அவள் தன் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் தகரப் பெட்டியோடு எழுமலையில் வந்து இறங்கினாள். தூரத்தில் அவள் வருவதைக் கண்ட ஒச்சாயி வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஆத்தா, கதவத் தொற."

"போயிரு தாயி. வயித்துல பிள்ள இருக்கு. சத்தியம் பொல்லாதது."

"நீ சாகுறவரைக்கும்னுதான சத்தியம்? வாய்க்கரிசி போட்டாக, வெரலக் கட்டுனாக. அம்புட்டுச் சனத்தோட நானும் பாத்தேன். இன்னும் எம்புட்டுத்தான் நீ சாகணும்?"

தெருவில் கூடி நின்றவர்கள், சத்தம் கேட்டு வந்திருந்த மொக்கையனைப் பார்த்தார்கள். ஊர் முன்னால் அவருக்காகச் செய்த சத்தியம் அது. அவர் முத்துத்தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியையும் வயிற்றையும் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு எந்தங்கச்சி பாடை ஏறுன அன்னைக்கே செத்துட்டா. ஊருக்கே தெரிஞ்சது கருப்புக்குத் தெரியாதா?" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது. முதலில் வெளியே வந்தவை கைகள்தான். தேள் பச்சை குத்திய கை பெட்டியை வாங்கியது. சுண்டுவிரல் நுனி இல்லாத கை முத்துத்தாயின் தலையைத் தடவியது. "என்னடி, இம்புட்டுச் சிக்கு" என்றது உள்ளிருந்து குரல்.