வேம்புவின் எண்பத்து நாலு கிலோ

எனக்குக் கோபம் வந்தால் அடக்கத் தெரியாது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் எங்கள் பிளாக் முழுக்க அது தெரிந்த கதை. ஆனால் என் எதிர்வீட்டு வேம்புவுக்கு நடந்ததைக் கேட்டுவிட்டு, இந்தச் செங்கொடி கத்தியது தப்பு என்று யாராவது சொல்லட்டும், பார்க்கிறேன்.

வேம்புவுக்கு ஐம்பது வயது. திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் தரை துடைக்கிற வேலை. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து வருஷக்கணக்காக ஏறி இறங்கியதில் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வேலை முடிந்து வந்தால் மாடிப்படியில் நாலு இடத்தில் உட்கார்ந்து எழுந்துதான் வீட்டுக் கதவைத் தொடுவாள். மூட்டு ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும். "எண்பது கிலோவுக்குக் கீழ வாங்க, அப்பதான் தேதி" என்று அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்போது அவள் தொண்ணூற்று மூன்று கிலோ. சர்க்கரை போட்ட டீயை விட்டாள். பஜ்ஜி, வடை பக்கமே திரும்பவில்லை. காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி இரண்டு சப்பாத்தி. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும்போது வலி தாங்காமல் பல்லைக் கடிப்பாள், கண்ணில் தண்ணீர் நிற்கும், ஆனாலும் நிறுத்த மாட்டாள். எடை இறங்கி எண்பத்து நாலுக்கு வந்தது. வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மாதக்கணக்கில் ஒரு கிலோ அசையவில்லை.

டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "பொய் சொல்லாதீங்கம்மா. காத்தைக் குடிச்சா எடை நிக்குமா? ஒழுங்கா சாப்பாட்டைக் குறைங்க. அடுத்த தடவையும் இதே எடைன்னா உங்க இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவேன்." அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது சொன்னார். பஸ் முழுக்க முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள் அவள். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? புருஷன் வரதன் ராயபுரம் குடோனில் மூட்டை தூக்குகிறவர். "கம்பெனில எங்கியோ குந்திகினு துன்றா போல கீது" என்று வாசலில் நின்று நாலு பேர் சிரிக்கச் சொன்னார். மகன் தீனா பாக்சிங் பழகுகிறான். போட்டிக்கு எடை குறைத்துக்கொண்டிருந்தான். "நான் ரெண்டே வாரத்துல மூணு கிலோ எறக்கிட்டேன்மா. அதுக்கெல்லாம் மனசு வேணும்" என்று அம்மாவுக்கே பாடம் எடுத்தான். மனசாம் மனசு!

ஒருநாள் ராத்திரி மாவு வாங்கிவர அவளையும் கூப்பிடலாம் என்று போனேன். எல்லோரும் சாப்பிட்டு எழுந்திருந்தார்கள். வேம்பு சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடி, கையில் வரதனின் தட்டை வைத்துக்கொண்டு, அதிலிருந்த சோற்றை வழித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தீனாவின் தட்டு. பாதிச் சோறு அப்படியே இருந்தது, குழம்பு ஊற்றிப் பிசைந்தது. அதற்குக் கீழே மகள் ஷாலுவின் தட்டு.

"இன்னாடி பண்ற?"

"ஒண்ணும் இல்லக்கா. மிச்சம்."

"நீ சாப்ட்டியா?"

"இன்னும் இல்லக்கா. இத்த முடிச்சிட்டு தான். ரெண்டு சப்பாத்தி கீது."

அவள் பொய் சொல்லவில்லை. சத்தியமாக அவளுக்கு அது சாப்பாடு இல்லை! தனக்கென்று தட்டு போட்டு உட்கார்ந்தால்தான் சாப்பாடு. மற்றதெல்லாம் பாத்திரம் கழுவுவதற்கு முன்னால் செய்கிற வேலை, அவ்வளவுதான்.

"இத்த எதுக்குடி துன்ற? கொட்டேன்!"

"அய்யோ, சோத்த கொட்டினா அவரு வூட்ட ரெண்டாக்கிடுவாருக்கா. மூட்ட தூக்கி கொணாந்த சோறு."

அந்த வீட்டில் ஆம்பிளைக்குச் சோறு குவித்துத்தான் போடவேண்டும். தட்டில் இடம் தெரிந்தால் மரியாதைக் குறைச்சல். குவித்ததை முழுக்கத் தின்னவும் மாட்டார்கள். குப்பையில் கொட்டவும் கூடாது. அப்புறம் அது எங்கே போகும்? இவள் வயிற்றுக்குத்தான் போகும். அந்தப் பையன் போட்டிக்காக ஒதுக்கிய சோறெல்லாம் இவள் முழங்கால்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அவன் இவளுக்கு மனசைப் பற்றிச் சொல்கிறான்!

நான் கூடத்துக்கு வந்து கத்தினேன். பிளாக்கே கேட்டிருக்கும். "மூணு பேரும் எச்சத் தட்ட அவ கைல குடுத்துட்டு, அவ துன்றான்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறீங்களே, வெக்கமா இல்ல?" வரதன் "எங்க வூட்டு விசயம், நீ போம்மா" என்றார். தீனா செல்போனை நோண்டினான். வேம்புதான் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். "விடுக்கா. நான் பாத்துக்கறேன்."

அடுத்த ஞாயிறு மதியம். எதிர்வீடுதானே, இரண்டு கதவும் திறந்திருந்தன. கறிக்குழம்பு வைத்திருந்தாள். மூவரும் தின்றுவிட்டு வழக்கம்போலத் தட்டைத் தள்ளினார்கள். வேம்பு தன் கரண்டிச் சோற்றை முடித்து, தன் தட்டை மட்டும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்க ஆரம்பித்தாள்.

"தட்ட எடுமே" என்றார் வரதன்.

"அது உன் தட்டு. துன்னு, இல்லாங்காட்டி நீயே எடுத்துனு போய் கொட்டு."

"சோத்த கொட்டச் சொல்றியா?"

"நான் ஏன் சொல்றேன்? உனக்குத் தான்யா மனசு வராதே. அப்ப துன்னு."

வரதன் எழுந்து தட்டோடு குப்பைக்கூடை வரைக்கும் போனார். அங்கேயே நின்றார். கொட்டக் கை வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றை மென்று விழுங்கினார். தீனாவும் ஷாலுவும் தங்கள் தட்டை இழுத்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து "எனக்குக் கொஞ்சமா போடு" என்று மூன்று பேருமே கேட்க ஆரம்பித்தார்கள். அடேயப்பா, இவ்வளவு நாள் அந்த வார்த்தை எங்கே போயிருந்ததோ!

எடை மறுபடி இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று வரதனும் கூட வந்தார். எடை மெஷினில் எழுபத்தொன்பது. டாக்டர் சந்தோஷமாகத்தான் சொன்னார்: "பாத்தீங்களா? இப்பதான் உண்மையா டயட் இருந்திருக்கீங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் வேம்பு திறந்துவிட்டாள்.

"அப்பவும் உண்மையா தான் சார் இருந்தேன். இன்னா துன்னேன்னு கேட்டீங்க, என் தட்டுல இருந்தத சொன்னேன். இவங்க தட்டுல மிச்சமானதும் என் சாப்பாட்டுக் கணக்குன்னு எனக்கே தெரியாது சார். நீங்களும் கேக்கல. பொய் சொல்றேன்னு மட்டும் சொன்னீங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "இவங்கன்னா யாரும்மா?" என்று கேட்டார்.

வேம்பு திரும்பி வரதனைப் பார்த்தாள். எங்கள் பின்னால் வரிசையில் இருந்த பொம்பளைகள் எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.