உதடு படாமல் குடித்தவர்
மலேசியாவில் ரந்தாவ் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகள் களவு போயினவென்று தொழிலாளர்களான எங்களில் சிலரைப் போலீஸ் பிடித்தபோதுதான் அவரைச் சந்தித்தேன். நெட்டையான உருவம், நரைத்த மீசை. லாக்கப்பில் எல்லோருக்கும் ஒரே தண்ணீர்ப் போத்தல். அவர் மட்டும் அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக் குடித்தார்.

"மத்தவங்களும் குடிக்கணும்ல. எச்சி பண்ணக்கூடாது."

காலையில் மரபணுச் சோதனைக்கென்று எங்கள் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்தெடுத்தார்கள். அவர்கள் சொன்னதும் நான் வாயைத் திறந்துவிட்டேன். அவர் வாய் கொப்பளிக்கக் கேட்டார்; கூடாதென்றார்கள். கையுறை போட்ட போலீஸ்காரப் பெண்ணிடம் மலாயில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கண்களை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.

மறுநாள் எங்கள்மேல் குற்றமில்லையென்று விட்டுவிட்டார்கள். போலீஸ் நிலையத்துக்கு எதிர்க் கடையில் ஒரு போத்தல் தண்ணீர் வாங்கிக்கொண்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம்.

"அந்தக் குச்சியத் தூக்கிப் போட்ருவாங்கல்ல, தம்பி?"

"தெரியலண்ணே. வச்சிருப்பாங்கன்னுதான் நெனைக்கிறேன்."

"நம்ம தோட்டத்துக் கிளினிக்ல ஊசி மருந்து வைக்க ஐஸ்பெட்டி வாங்கக் காசு இல்லன்னாங்க. என் எச்சிய வைக்க கவர்மெண்டுகிட்ட காசு இருக்குலா."

சொல்லிவிட்டுப் போத்தலை எடுத்து, உதட்டில் வைத்தே குடித்தார். பிறகு, "இனி என்ன எச்சி, தம்பி" என்று என்னிடம் நீட்டினார். நானும் அப்படியே வாய் வைத்துக் குடித்தேன். அவர் முகத்தைத்தான் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.