அட்டைக்கடிக்குப் பாட்டில் சொல் இல்லை

அறுபதுகளில் கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் எனக்கு வேலை. அறைச் சாவிகளுக்கு நான்தான் பொறுப்பு. சீசன் முடிந்து கிளம்பும் வெள்ளைக்காரர்கள் இசைத்தட்டுகளை விட்டுவிட்டுப் போவார்கள். பெரும்பாலும் பிரெஞ்சு, ஸ்பானிஷ் காதல் பாட்டுகள். உறையின் பின்பக்கம் ஆங்கிலத்தில் பொருள் போட்டிருக்கும். மழைக்காலம் முழுக்க அதை வைத்தே இரண்டு பாஷையும் படித்தேன். நிலா, முத்தம், கண்ணீர், பிரிவு எல்லாம் மனப்பாடம். அதை மேனேஜரிடம் பீற்றிக்கொள்ளாமலாவது இருந்திருக்கலாம்.

அடுத்த சீசனில் மலைபோல ஒரு ஸ்பெயின்காரர் மனைவியோடு வந்தார். சோலைக்காட்டில் நடந்துவிட்டுத் திரும்பியவரின் கால்சட்டையெல்லாம் ரத்தம். அட்டைகள் காலில் தொங்கின. மனிதர் பதறிப்போய்க் கத்தினார்.

"நீங்கதான் அந்தப் பாஷை படிச்சவராச்சே, வெரசா ஏதாச்சும் சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

கால், ரத்தம், உப்பு, எதற்கும் என்னிடம் சொல் இல்லை. எந்தப் பாட்டில் காதலனை அட்டை கடித்தது? வாயில் வந்தது ஒரு பாட்டு வரிதான்.

"நோ யோரெஸ், மி வீதா."

அழாதே, என் உயிரே.

அவர் கத்துவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சமையல்காரர் உப்பைத் தேய்க்க, அட்டைகள் உதிர்ந்தன. கூடவே என் மானமும்.

மறுநாளிலிருந்து சாவியைக் கொடுக்க வரும்போதெல்லாம் அந்த மனிதர், முகத்தில் துளிச் சிரிப்பில்லாமல், "மி வீதா" என்று எனக்குத் தலைவணங்குவார். காது மடல் சுட, நான் சாவியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டுமென்று எனக்குத் தெரியும். பாட்டில் அடுத்த வரியே அதுதான்.