எறியாத நீளப் பந்து

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கொதிக்கிறது. தோற்றதற்காக அல்ல. தோற்பது எங்கள் அணிக்குப் பழகிப்போனதுதான்.

பர்மாவில், தின்கன்ஜூன் என்ற நகர்ப்பகுதியில் ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். விடுமுறையில் அமெரிக்கக் கால்பந்து ஆடுவேன். ஆளை இடித்துச் சாய்க்கிற ஆட்டம் இல்லை. இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவினால் ஓடுகிறவர் நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான். பந்தை முன்னால் ஒரு தடவைதான் எறியலாம், பிறகு பின்னால் வருகிறவருக்குத்தான் கொடுக்கலாம். ஆணும் பெண்ணும் கலந்து ஆடுவோம். எங்கள் அணியில் பந்தை எறிவது நான். தலைவர், பபேடான் கடைவீதியில் மின்சாமான் கடை வைத்திருக்கும் உயரமான அண்ணன். எங்களில் வேகமான ஆள், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள டாலாவிலிருந்து படகேறி வரும் ஒரு பெண். போன் கடையில் வேலை பார்ப்பவள்.

அன்று நாலு புள்ளி பின்தங்கியிருந்தோம். நாலே விநாடிதான் மிச்சம். ஒரே ஒரு முறை பந்தை எடுக்கலாம், எடுத்தால் அந்த ஓட்டம் நிற்கும்வரை ஆட்டம் உண்டு. கடைசிக் கோட்டைப் பந்தோடு தாண்டினால் ஆறு புள்ளி, ஜெயித்துவிடலாம். ஆனால் கோடு அரை மைதானத்துக்கும் அப்பால். மழையில் பந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. எதிரணியில் பாதிப்பேர் கோட்டருகே போய் நின்றுகொண்டார்கள்.

அண்ணன் எங்களைக் கூட்டி, எல்லாரும் கோட்டுக்கு ஓடச் சொன்னார். “நீ தூக்கிப் போடு தங்கச்சி, நான் புடிச்சிக்கிறேன்.”

“என் கை அவ்வளவு தூரம் போவாதுண்ணே. கிட்ட போட்டு, பின்னால குடுத்துக் குடுத்துப் போவோம். அஞ்சு வாரம் பழகிருக்கோமே.”

“அதெல்லாம் சின்னப்புள்ள வெளையாட்டு. கடைசிப் பந்துன்னா தூக்கித்தான் போடணும்.”

இரண்டுமே தேறுவது அபூர்வம் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் ஒன்று என் கைக்கு எட்டாதது, இன்னொன்று நாங்கள் பழகியது. அவர் திரும்பியதும் டாலாப் பெண்ணையும், அணியில் இருந்த வங்கி குமாஸ்தா ஒருவரையும் பார்த்துக் கண் காட்டினேன். அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

பந்தைக் கிட்டத்தில் அவளிடம் போட்டேன். அவள் இரண்டு பேரை ஏய்த்து ஓடி, பட்டையில் கை விழும் முன் பின்னால் குமாஸ்தாவிடம் கொடுத்தாள். அவர் எனக்குக் கொடுத்தார். நான் ஓரமாக ஓடினேன். கோடு நன்றாகத் தெரிந்தது. இருவர் நெருங்கினார்கள், பின்னால் கொடுக்க ஆள் தேடினால் யாருமில்லை. அண்ணன் கோட்டைத் தாண்டிய இடத்திலேயே கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஓர் அடிகூட இறங்கி வரவில்லை. பத்தடி இருக்கும்போது என் பட்டையை உருவிவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்து டீக்கடையில், லப்பேயெ என்கிற பால் டீ வந்ததும் அண்ணன் ஊதிக் குடித்துக்கொண்டே, “தங்கச்சி பயந்துட்டா, தூக்கிப் போட்டிருந்தா ஒரு சான்ஸ் இருந்திச்சு” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். டாலாப் பெண் மட்டும், அண்ணன் பின்னால் வந்திருந்தால் டீச்சர் அவரிடம் கொடுத்திருப்பார் என்று பர்மிய மொழியில் சொன்னாள். அவர் காதில் விழாத மாதிரி இன்னொரு டீ சொன்னார்.

அடுத்த வாரமே எறியும் வேலை வேறொருவருக்குப் போனது. அதற்கும் அடுத்த ஆட்டம் இதே மாதிரி கடைசி விநாடிக்கு வந்தது. புதிதாக எறிய வந்தவர் தூக்கிப் போட்டார். பந்து பாதி தூரத்தில், எதிரணி ஆளின் கையில் போய் உட்கார்ந்தது. எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். நல்ல முயற்சியாம்! கோட்டுக்குப் பத்தடி வரை வந்த எனக்குப் பயந்தவள் என்று பேர், பாதி தூரம்கூடப் போகாத பந்துக்குக் கைதட்டல்.

அண்ணனிடம் நேரே போய், “இப்ப யாருண்ணே பயந்தது?” என்று கேட்டேன்.

“அது வேற, இது வேற” என்றார். எல்லாரும் செய்கிறபடி செய்து தோற்றால் யாரும் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான். அதற்குத் தைரியம் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

பட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். மறுவாரம் டாலாப் பெண்ணும் நின்றுவிட்டாள். இப்போது ஞாயிறு காலையில் நான் ஆற்றைக் கடந்து போகிறேன். அவள் தெருக்காரர்களோடு அங்கே ஒரு வயல்காட்டில் ஆடுகிறோம். போன வாரம், ஒரு ஆள் குறைகிறது, வர முடியுமா என்று அண்ணன் செய்தி அனுப்பியிருந்தார். அதைப் படித்துவிட்டு டாலாவுக்குப் படகேறினேன்.